திறக்கும்போதே மூடச் சொல்லி வை!

 

இந்தத் தடவை சுவர் இதழில் அறிவியல் பகுதி எங்கள் வகுப்புக்கு வந்திருக்கிறது. சூரியக் குடும்பம், டைனோசர் எல்லாம் போன இதழ்களிலேயே வந்துவிட்டது. அதனால் கம்ப்யூட்டர் புரோகிராமுக்குள்ளே இருக்கிற ஒரு சின்ன விஷயத்தைப் பற்றி எழுதுகிறேன். சின்ன விஷயம்தான். ஆனால் அதை விட்டுவிட்டதால் ஒரு பெரிய நகரத்தில் ஆம்புலன்ஸ் அனுப்புகிற கம்ப்யூட்டரே ஒருநாள் நின்றுபோனது. அந்தக் கதையும் கீழே வருகிறது. பொறுமையாகப் படியுங்கள்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எங்கள் பெரியம்மா மகள். அக்கா இன்ஜினியரிங் காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறாங்க. லீவுக்கு வந்தபோது நான் கேள்வி கேட்டுக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டது இது.

எது ரொம்ப சுலபமாக மறக்கும்?

ஒரு வேலையை ஆரம்பிக்க யாரும் மறக்க மாட்டோம். தண்ணீர் வேண்டும் என்றால் மோட்டாரைப் போடுவோம். ஆனால் தொட்டி நிரம்பி வழிகிற வரைக்கும் நிறுத்த ஞாபகம் வராது. ஏன் தெரியுமா? மோட்டார் போடும்போது நமக்குத் தண்ணீர் தேவை. நிறுத்தும்போது நம் தேவை முடிந்துவிட்டது. மனசு அடுத்த வேலைக்குப் போய்விட்டது.

புரோகிராம் எழுதுகிறவர்களும் மனிதர்கள்தானே? அவர்களுக்கும் இதே கதைதான். திறக்கிற வரி இல்லாவிட்டால் புரோகிராம் வேலையே செய்யாது, அதனால் உடனே தெரிந்துவிடும். மூடுகிற வரி இல்லாவிட்டால்? அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் ஓடும். ஒன்றுமே தெரியாது. பல நாள் கழித்துத்தான் வம்பு வரும்.

புரோகிராம் எதைக் கடன் வாங்குகிறது?

நம்ம ஊரில் கல்யாணம், காதுகுத்து என்றால் வாடகைப் பாத்திரக் கடையில் அண்டா, கரண்டி, ஜமுக்காளம் எல்லாம் எடுப்பார்கள் இல்லையா? விசேஷம் முடிந்ததும் எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு வீட்டுக்காரர் இரண்டு அண்டாவைத் திருப்பாவிட்டால் கடைக்காரருக்குச் சமாளிக்க முடியும். எல்லாரும் அப்படியே செய்தால்? அடுத்த முகூர்த்தத்துக்கு வருகிறவருக்கு அண்டாவே இருக்காது.

கம்ப்யூட்டரில் அந்தக் கடைக்காரர்தான் இயங்குதளம். விண்டோஸ், லினக்ஸ் எல்லாம் அதுதான். புரோகிராம்கள் அதனிடம் முக்கியமாக மூன்று பொருள் வாடகைக்கு எடுக்கும்.

முதலாவது, மெமரி. கணக்குப் போட்டுப் பார்க்க ரஃப் நோட்டு மாதிரி கொஞ்சம் இடம்.

இரண்டாவது, ஃபைல். ஒரு ஃபைலைத் திறந்தால் இயங்குதளம் அதற்கு ஒரு எண் கொடுத்துக் குறித்து வைத்துக்கொள்ளும். லினக்ஸில் ஒரு புரோகிராம் ஒரே நேரத்தில் திறந்து வைக்கக்கூடிய ஃபைலுக்கு வழக்கமாக 1024 என்று ஒரு எல்லை உண்டு. அதைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் எல்லையே இல்லாமல் இருக்காது. மூடாமலே திறந்துகொண்டு போனால் ஒருநாள் "ரொம்ப அதிகமான ஃபைல்கள் திறந்திருக்கின்றன" என்று சொல்லிவிடும். அதற்கு மேல் ஒரு ஃபைலைக்கூடத் திறக்க முடியாது.

மூன்றாவது, பூட்டு. இது நிஜப் பூட்டு இல்லை, "நான் இதில் வேலை செய்துகொண்டிருக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்" என்று மற்ற வேலைகளுக்குச் சொல்கிற அடையாளம். இது எதற்கு? ஒரு பேங்க் கணக்கில் 1000 ரூபாய் இருக்கிறது என்று வையுங்கள். ஒரே நொடியில் ஒருவர் 500, இன்னொருவர் 200 போடுகிறார்கள். இரண்டு வேலையும் 1000 என்று படித்துக்கொள்கின்றன. ஒன்று 1500 என்று எழுதுகிறது. அடுத்தது அதன் மேலேயே 1200 என்று எழுதிவிடுகிறது. இருக்க வேண்டியது 1700. 500 ரூபாய் காணாமல் போய்விட்டது! அதனால்தான் ஒரு வேலை முடிகிற வரை அடுத்த வேலை காத்திருக்கும்படி பூட்டுப் போடுவார்கள். அந்தப் பூட்டைத் திறந்துவிட மறந்தால் அடுத்தவர்கள் காத்துக்கொண்டே நிற்பார்கள். சினிமா டிக்கெட் கவுன்ட்டரில் உள்ளே ஆளே இல்லாமல் கதவை மட்டும் சாத்திவிட்டுப் போன மாதிரி, வரிசை நகரவே நகராது.

லண்டன் ஆம்புலன்ஸ் கதை

நமக்கு 108 மாதிரி, லண்டன் நகரத்தில் ஆம்புலன்ஸ் அனுப்புவதற்கு லண்டன் ஆம்புலன்ஸ் சர்வீஸ் என்ற அமைப்பு இருக்கிறது. 1992-ஆம் ஆண்டு அங்கே காகிதத்தில் எழுதி வண்டி அனுப்புகிற பழைய முறையை மாற்றி, கம்ப்யூட்டர் முறையைக் கொண்டுவந்தார்கள். ஆரம்பத்திலேயே வேறு பல காரணங்களால் அது ரொம்பத் தடுமாறியது. அதற்குப் பிறகு 1992 நவம்பர் 4-ஆம் தேதி, விடியற்காலை 2 மணிக்கு மேல், கம்ப்யூட்டர் மெதுவாகி, அப்படியே நின்றுபோனது. உதவிக்கு என்று வைத்திருந்த மாற்றுக் கம்ப்யூட்டரும் கைகொடுக்கவில்லை. ஊழியர்கள் மறுபடியும் காகிதத்தையே கையில் எடுத்தார்கள்.

என்ன காரணம் என்று விசாரணைக் குழு ஆராய்ந்து 1993-இல் அறிக்கை கொடுத்தது. அதில் நவம்பர் 4-ஆம் தேதி நின்றுபோனதற்குச் சொன்ன காரணம் ரொம்பச் சின்னது. ஒவ்வொரு தடவை ஒரு வண்டியை அனுப்பும்போதும் கம்ப்யூட்டர் கொஞ்சூண்டு மெமரியை எடுத்துக்கொண்டது. வேலை முடிந்ததும் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவ்வளவுதான்! சுமார் மூன்று வாரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக, இருந்த மெமரி எல்லாம் தீர்ந்துபோனது.

இதை ஒரு கணக்காகப் பார்ப்போம். (எண்கள் நான் கணக்குக்காக வைத்துக்கொண்டது.) ஒரு கம்ப்யூட்டரில் மிச்சம் இருக்கிற மெமரி 40 எம்பி. ஒரு நாளைக்கு 2 எம்பி திரும்பி வருவதில்லை. அப்படியானால் 40 ÷ 2 = 20 நாள். முதல் நாள் சோதித்துப் பார்த்தாலும் சரியாக ஓடும், பத்தாவது நாளும் சரியாக ஓடும், இருபதாவது நாள் நின்றுவிடும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சொட்டுகிற மாதிரிதான். அதனால்தான் இதற்கு மெமரி ஒழுகல் என்றே பெயர்.

இங்கே ஒரு கேள்வி வரும், எனக்கும் வந்தது. "புரோகிராமை மூடிவிட்டால் இயங்குதளமே எல்லாத்தையும் திருப்பி வாங்கிக்காதா அக்கா?" என்று கேட்டேன். "வாங்கிக்கும். அஞ்சு நிமிஷம் ஓடி முடியுற புரோகிராமுக்கு அது போதும். ஆனா ஆம்புலன்ஸ், பேங்க், ரயில்வே டிக்கெட் இதெல்லாம் மூடவே மூடாத புரோகிராம்டி. மாசக்கணக்கா ஓடிக்கிட்டே இருக்கும். அது முடியுற நேரம்னு ஒண்ணு கிடையாது" என்றாங்க. சரிதானே!

மறக்காமல் இருந்தாலும் ஏன் தப்புகிறது?

"அப்போ கடைசி வரியில் மூடு என்று எழுதிவிட்டால் போதுமே, இதற்கு என்ன ஒரு கட்டுரை?" என்று நீங்கள் கேட்கலாம். கீழே இருக்கிற புரோகிராமைப் பாருங்கள். எல்லோருக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே எழுதியிருக்கிறேன்.

வேலை: ஐந்து பாட மார்க்கைக் கூட்டு
1. மார்க் ஃபைலைத் திற
2. ஃபைல் காலியாக இருந்தால், திரும்பிப் போ
3. எண்ணுக்குப் பதில் எழுத்து இருந்தால், திரும்பிப் போ
4. மார்க்கைக் கூட்டு
5. மொத்தம் 500-க்கு மேல் வந்தால், திரும்பிப் போ
6. மொத்தத்தைக் காட்டு
7. ஃபைலை மூடு

கடைசி வரியில் மூடு என்று சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துப் பாருங்கள். இந்த வேலையிலிருந்து வெளியே போக எத்தனை வாசல்? 2, 3, 5 என்று மூன்று பக்க வாசல், கடைசியில் ஒரு தலைவாசல். மொத்தம் நான்கு. பூட்டு போட்டிருப்பது தலைவாசலுக்கு மட்டும்தான். மார்க் ஃபைல் காலியாக இருந்தால் 2-ஆம் வரியிலேயே வெளியே போய்விடும், 7-ஆம் வரிக்கு வரவே வராது. ஃபைல் திறந்தே கிடக்கும்.

சரி, மூன்று பக்க வாசலிலும் "மூடிவிட்டு, திரும்பிப் போ" என்று எழுதலாம். முடியும். ஆனால் அடுத்த வருஷம் வேறு ஒருவர் வந்து "மார்க் மைனஸில் இருந்தால், திரும்பிப் போ" என்று புதிதாக ஒரு வரி சேர்ப்பார். மூட வேண்டும் என்று அவருக்கு யார் சொல்வது? இரண்டு ஃபைல், ஒரு பூட்டு என்று மூன்று பொருள் எடுத்திருந்தால், எந்த வாசலில் எதை எதை மூட வேண்டும் என்று கணக்கு வைப்பதற்குள் தலை சுற்றிவிடும்.

சி என்ற பழைய மொழியில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கடைசியில் "சுத்தம் செய்" என்று ஒரு இடம் வைத்துவிட்டு, எங்கே தப்பு வந்தாலும் "அந்த இடத்துக்குத் தாவு" என்று எழுதுவார்கள். இதுவும் நல்ல வழிதான். லினக்ஸ் இயங்குதளத்தின் உள்ளேயே இந்த முறை நிறைய இருக்கிறது. ஆனால் கவனம் வேண்டும்.

2014 பிப்ரவரியில் ஆப்பிள் கம்பெனி தன் ஐபோனுக்கு அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட்டது. இன்டர்நெட்டில் எதிரே பேசுவது உண்மையான ஆள்தானா என்று சரிபார்க்கிற புரோகிராமில் ஒரு பிழை. அதில் "சோதனை தோற்றால், கடைசிக்குத் தாவு" என்று வரி வரியாக இருந்தது. ஓர் இடத்தில் "கடைசிக்குத் தாவு" என்பது மட்டும் தவறுதலாக இரண்டு தடவை வந்துவிட்டது. முதல் தாவு "தோற்றால்" என்பதோடு சேர்ந்தது. இரண்டாவது எதோடும் சேரவில்லை. அதனால் தோற்றாலும் ஜெயித்தாலும் தாவிவிடும்! கடைசியாகச் செய்ய வேண்டிய கையெழுத்துச் சோதனை நடக்கவே இல்லை. ஆனால் "பிழை எதுவும் இல்லை" என்று பதில் மட்டும் போனது. சுத்தம் செய்கிற வேலை ஒழுங்காக நடந்தது. காவல் வேலைதான் நடக்கவில்லை.

இந்தப் பிழைக்கு முழுக் காரணம் தாவுகிற முறை என்று சொல்லிவிட முடியாது. "திரும்பிப் போ" என்பது இரண்டு தடவை வந்திருந்தாலும் இதே தப்புதான் நடந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு சோதனைக்குக் கீழேயும் இங்கே தாவு, அங்கே தாவு என்று கையால் எழுதிக்கொண்டே போனால், படிக்கிறவர் கண்ணுக்கு எல்லா வரியும் ஒரே மாதிரி தெரியும் என்பது உண்மை.

இப்போது வருகிறார் நம் கதாநாயகர்: டிஃபர்!

டிஃபர் என்றால் தள்ளி வை, பிறகு செய் என்று அர்த்தம். இந்தச் சொல்லைப் பிரபலமாக்கியது கோ என்ற கம்ப்யூட்டர் மொழி. கூகுள் கம்பெனியில் ராபர்ட் கிரீஸ்மர், ராப் பைக், கென் தாம்ப்சன் என்ற மூன்று பேர் சேர்ந்து உருவாக்கி 2009 நவம்பரில் வெளியிட்டார்கள். இதில் கென் தாம்ப்சன் யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவர்.

டிஃபர் என்ன செய்யும்? "இந்த வேலையை இப்போது செய்யாதே. ஆனால் குறித்து வைத்துக்கொள். நான் எந்த வாசல் வழியாக வெளியே போனாலும், போகிற நேரத்தில் செய்துவிடு" என்று முன்னாலேயே சொல்லி வைப்பது. நம் தமிழ்ப் புரோகிராமில் அதற்குக் "கடைசியில்" என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

வேலை: ஐந்து பாட மார்க்கைக் கூட்டு
1. மார்க் ஃபைலைத் திற
2. திறக்க முடியவில்லை என்றால், திரும்பிப் போ
3. கடைசியில்: ஃபைலை மூடு
4. ஃபைல் காலியாக இருந்தால், திரும்பிப் போ
5. எண்ணுக்குப் பதில் எழுத்து இருந்தால், திரும்பிப் போ
6. மார்க்கைக் கூட்டு
7. மொத்தம் 500-க்கு மேல் வந்தால், திரும்பிப் போ
8. மொத்தத்தைக் காட்டு

இப்போது 4-ஆம் வரியில் வெளியே போனாலும் ஃபைல் மூடும். 5-லும் மூடும். 7-லும் மூடும். முழுசாக ஓடி முடிந்தாலும் மூடும். அடுத்த வருஷம் ஒருவர் வந்து புதிதாகப் பத்து வாசல் வைத்தாலும் கவலை இல்லை.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வேறு ஒன்று. "திற" என்பதும் "மூடு" என்பதும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டன பாருங்கள். முன்பு 1-ஆம் வரியில் திறந்து 7-ஆம் வரியில் மூடினோம். நிஜப் புரோகிராமில் நடுவில் நூறு வரிகூட இருக்கும். இப்போது சரிபார்க்கிறவர் திறந்த இடத்துக்குக் கீழே பார்த்தாலே போதும். மூடச் சொல்லியிருக்கிறதா, இல்லையா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

2-ஆம் வரி ஏன் 3-க்கு முன்னால் இருக்கிறது? திறக்கவே முடியாத ஃபைலை மூட முடியாது இல்லையா? வாங்காத அண்டாவை யாரும் திருப்பிக் கொடுக்க மாட்டோம். கைக்கு வந்த பிறகுதான் "கடைசியில்" என்று குறிக்க வேண்டும்.

மூன்று விதிகள்

விதி 1: கடைசியாகச் சொன்னது முதலில் நடக்கும்.

கேட்டைத் திற
கடைசியில்: கேட்டை மூடு
வகுப்பறையைத் திற
கடைசியில்: வகுப்பறையை மூடு
பீரோவைத் திற
கடைசியில்: பீரோவை மூடு
நோட்டை எடுத்து மார்க் எழுது

இதில் எது முதலில் மூடும்? பீரோ, அப்புறம் வகுப்பறை, அப்புறம் கேட். தட்டு அடுக்கி வைத்தால் மேலே கடைசியாக வைத்ததைத்தானே முதலில் எடுப்போம், அதே மாதிரி. இப்படி ஏன் தலைகீழாக வைத்தார்கள்? கேட்டை முதலில் மூடிவிட்டு வெளியே வந்துவிட்டால் உள்ளே இருக்கிற பீரோவை எப்படிப் பூட்டுவது! பிறகு திறந்தது எப்போதும் முன்பு திறந்ததை நம்பித்தான் இருக்கும். அதனால் பிறகு திறந்ததை முதலில் மூட வேண்டும்.

இன்னொன்றும் பாருங்கள். வகுப்பறைச் சாவி கிடைக்காமல் அங்கேயே திரும்பினால், கேட் மட்டும்தான் மூடும். பீரோவை மூடச் சொன்ன வரிக்கு நாம் போகவே இல்லையே. எதுவரை திறந்தோமோ அதுவரைதான் மூடும். எவ்வளவு சரியாக இருக்கிறது!

விதி 2: எங்கே "கடைசி" என்பது மொழிக்கு மொழி மாறும்.

வயலுக்கு வரப்பு இருக்கிற மாதிரி புரோகிராமுக்குள்ளேயும் வரப்புகள் உண்டு. பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்தில் வரையெல்லை என்று போட்டிருந்தது. ஐபோனுக்குப் புரோகிராம் எழுதப் பயன்படும் ஸ்விஃப்ட் மொழியில் 2015-இல் டிஃபர் வந்தது. ஆண்ட்ரூ கெல்லி உருவாக்கிய ஸிக் மொழியிலும் இருக்கிறது. இந்த இரண்டிலும் எந்தச் சின்ன வரப்புக்குள்ளே சொன்னோமோ, அந்த வரப்பு முடிந்ததுமே வேலை நடந்துவிடும். ஆனால் கோ மொழியில் அப்படி இல்லை. முழு வேலையும், அதாவது முழுச் செயற்கூறும் முடியும்போதுதான் நடக்கும்.

இதில் ஒரு குழி இருக்கிறது. 1500 மாணவர்களுடைய ஃபைலை ஒன்று ஒன்றாகத் திறந்து படிக்க வேண்டும் என்று வையுங்கள். திரும்பத் திரும்பச் செய்கிற சுற்றுக்குள்ளே "திற, கடைசியில் மூடு" என்று எழுதுகிறோம். ஸ்விஃப்டில் ஒவ்வொரு சுற்று முடியும்போதும் அந்த ஃபைல் மூடிவிடும். கோவில் மூடாது! முழு வேலை முடிகிற வரை 1500 ஃபைலும் திறந்தே கிடக்கும். ஒழுகலைத் தடுக்க வந்த டிஃபரே ஒழுகலாகிவிடும். இதற்கு வழி, ஒரு ஃபைலைப் படிப்பதைத் தனியாக ஒரு சின்ன வேலையாக்கி, அதை 1500 தடவை கூப்பிடுவது. ஒவ்வொரு தடவை அந்தச் சின்ன வேலை முடியும்போதும் ஃபைல் மூடிவிடும்.

விதி 3: சொன்ன நேரத்து மதிப்பா, நடக்கிற நேரத்து மதிப்பா என்று பார்க்க வேண்டும்.

எண் = 1
கடைசியில்: எண்ணைக் காட்டு
எண் = 5

என்ன காட்டும்? கோவில் இப்படி நேராக எழுதினால் 1. ஏனென்றால் குறித்து வைக்கும்போதே எண்ணின் மதிப்பையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளும். ஸ்விஃப்டில் 5. அங்கே நடக்கிற நேரத்தில்தான் எண்ணைப் பார்க்கும். புதிதாகப் படிக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் ரொம்பக் குழம்புவார்கள் என்று அக்கா சொன்னாங்க.

மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்கிறார்கள்?

டிஃபர் என்ற பெயர் இல்லாமலும் இதே யோசனை பல மொழிகளில் இருக்கிறது. 1979-இல் பியார்ன் ஸ்ட்ரௌஸ்ட்ரப் ஆரம்பித்த வேலைதான் பிறகு சி++ மொழியாக வளர்ந்தது. அதில் ஒரு பொருள் உருவாகும்போது ஓடுவது ஆக்கி, அதன் காலம் முடியும்போது ஓடுவது அழிப்பி. அழிப்பிக்குள்ளே "ஃபைலை மூடு" என்று ஒரே ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் போதும். அந்தப் பொருளை எத்தனை பேர் எத்தனை இடத்தில் பயன்படுத்தினாலும் வரப்பைத் தாண்டியதும் தானாக மூடும். டிஃபரில் ஒவ்வொரு தடவையும் நாம்தான் சொல்ல வேண்டும். இதில் சொல்லவே வேண்டாம்.

ஜாவாவில் "என்ன ஆனாலும் முடிவில் இதைச் செய்" என்று ஒரு பகுதி எழுதுவார்கள். 2011-இல் வந்த ஜாவா 7-இல் தானாக மூடுகிற வசதியையும் சேர்த்தார்கள். பைத்தானில் வித் என்ற சொல் 2006-இல் 2.5 பதிப்போடு வந்தது. "இந்த ஃபைலோடு இந்த வேலைகளைச் செய்" என்று எழுதினால், அந்தப் பகுதி முடிந்ததும் ஃபைல் மூடிவிடும்.

ஸிக் மொழியில் இன்னும் ஒரு படி மேலே போய், "தப்பு நடந்தால் மட்டும் கடைசியில் இதைச் செய்" என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள். இது எதற்கு? நன்றாக முடிந்தால் பொருளை அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும், பாதியில் கெட்டுப்போனால் மட்டும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிற நேரத்துக்கு.

டிஃபர் சர்வரோக நிவாரணியா?

இல்லை தோழர்களே. கரண்ட் போய்விட்டால் டிஃபரும் ஓடாது. கோ மொழியில் புரோகிராமுக்குள்ளே பெரிய தப்பு நடந்து அது கலங்கிப்போய் நின்றால்கூட, குறித்து வைத்ததை எல்லாம் செய்துவிட்டுத்தான் சாகும். அது அதன் பெருமை. ஆனால் "இந்த நொடியே புரோகிராமை நிறுத்து" என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதைக் கொடுத்தால் குறித்து வைத்த எதையும் செய்யாமல் அப்படியே போய்விடும்.

இன்னொன்று, மூடுகிற வேலையே தோற்றுப்போகலாம். சி மொழியில் வழக்கமான முறையில் ஃபைலில் எழுதும்போது எழுத்து உடனே டிஸ்க்குக்குப் போகாது. முதலில் ஒரு தற்காலிக இடத்தில் சேரும். மூடும்போதுதான் மிச்சம் இருப்பது டிஸ்க்குக்குப் போகும். டிஸ்க்கில் இடம் இல்லாவிட்டால் அப்போதுதான் தெரியும். அதனால் முக்கியமான ஃபைல் என்றால் மூடியாச்சா என்ற பதிலையும் கேட்டுப் பார்க்க வேண்டும். "மூடச் சொல்லிட்டேன்" என்பதும் "மூடியாச்சு" என்பதும் ஒன்று இல்லையே!

நாம் என்ன செய்யலாம்?

நாம் இப்போது கோ மொழியில் எழுதப் போவதில்லை. ஆனால் கம்ப்யூட்டர் அறையில் பென் டிரைவைச் சட்டென்று பிடுங்காதே என்று டீச்சர் ஏன் சொல்கிறார்கள் என்று இப்போது புரிகிறதா? தற்காலிக இடத்தில் நிற்கிற எழுத்து பென் டிரைவுக்குப் போய்ச் சேராமலே நின்றுவிடும். நம்முடைய புராஜெக்ட் பாதிதான் இருக்கும். "பாதுகாப்பாக எடு" என்பதை அழுத்தினால், மிச்சத்தை எழுதி, மூடிவிட்டு, அப்புறம்தான் எடுக்கச் சொல்லும். கம்ப்யூட்டரை சுவிட்சில் அணைக்காமல் முறைப்படி ஷட்டவுன் கொடுக்கச் சொல்வதும் இதற்குத்தான். திறந்திருக்கிற புரோகிராம்கள் எல்லாம் தங்கள் கடைசி வேலையை முடிக்க நேரம் வேண்டும்.

பேப்பரில் புரோகிராம் எழுதிப் பழகுகிறவர்கள் இப்போதிலிருந்தே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளலாம். "திற" என்று எழுதினால் பேனாவை எடுக்காமல் அடுத்த வரியிலேயே "கடைசியில்: மூடு" என்று எழுதிவிடுங்கள். நடுவில் என்ன செய்வது என்பதை அப்புறம் யோசிக்கலாம்.

மூளைக்கு வேலை

1. கடைசியில்: "அ" காட்டு
கடைசியில்: "ஆ" காட்டு
"இ" காட்டு
என்ன வரிசையில் வரும்?

2. எண் = 10
கடைசியில்: எண்ணைக் காட்டு
எண் = எண் + 5
கோ மொழியில் என்ன காட்டும்? ஸ்விஃப்டில் என்ன காட்டும்?

3. பெட்டியைத் திற
சாவி பொருந்தவில்லை என்றால், திரும்பிப் போ
கடைசியில்: பெட்டியை மூடு
சாவி பொருந்தாவிட்டால் "பெட்டியை மூடு" நடக்குமா?

(விடைகள் கீழே. முதலில் நீங்களாக முயற்சி செய்யுங்கள், அப்புறம் பாருங்கள்!)

விடை: 1. இ, ஆ, அ. 2. கோவில் 10, ஸ்விஃப்டில் 15. 3. நடக்காது. அந்த வரிக்கு வருவதற்கு முன்பே திரும்பிவிட்டது.

இதில் சந்தேகம் இருந்தால் உணவு இடைவேளையில் ஒன்பதாம் வகுப்புக்கு வந்து கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். கணித ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் பிழை இருந்தால் ஓரத்தில் பென்சிலால் திருத்திக் கொடுக்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன். சின்ன வகுப்புத் தம்பி தங்கைகளே, தயவுசெய்து சார்ட்டைக் கிழிக்காமல் படியுங்கள்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி